பழத்தில் ஒட்டிய இலக்கம் என்ன சொல்கிறது?

அப்பிள், தோடம்பழம், பியர்ஸ் வாங்கும்போது தோலில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள இலக்கம் பற்றி வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு தகவல் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 4 இல் தொடங்கினால் இரசாயனம் அடித்தது, 8 இல் தொடங்கினால் மரபணு மாற்றியது, 9 இல் தொடங்குவதை மட்டும் வாங்குங்கள் என்கிறது அது. இதை நம்பி, பிள்ளைகளுக்கென்று எடுத்த பழத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு வரும் தாய்மார் இருக்கிறார்கள். ஆகவே இந்த இலக்கம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

1974 ஜூன் 26 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ட்ரோய் நகரில், ஒரு சுப்பர் மார்க்கெட்டில் முதன்முதலாக பார்கோட் மூலம் ஒரு பொருள் விற்கப்பட்டது. அது ஒரு சுவிங்கம் பக்கெட். அதன் பிறகு பெட்டியிலும் பக்கெட்டிலும் வரும் சாமான்களுக்கு பில் போடுவது இலகுவாயிற்று.

ஆனால் பழங்களை நிறுத்துத்தானே விற்க வேண்டும்? கோடுகளை அச்சிட அதற்கு உறையும் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு அப்பிள் இனங்களுக்கு இரண்டு விலை. கெஷியர் இனத்தை மாற்றி பில் போட்டால், ஒன்று கடைக்கு நட்டம், இல்லாவிட்டால் வாங்குபவருக்கு நட்டம்.

இதற்குத் தீர்வாகத்தான் 1990 இல் வட அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு பொது இலக்க முறை வந்தது. அதன் பெயர் பீ.எல்.யூ. 'விலையைத் தேடிப் பார்ப்பது' என்பதே அதன் பொருள். 4011 என்றால் மஞ்சள் வாழைப்பழம். 4017 என்றால் பெரிய கிரனி ஸ்மித் அப்பிள். அதே இனத்தில் சிறியது 4139. இலக்கத்தை அழுத்தி நிறுத்தால் விலை வந்துவிடும், அவ்வளவுதான். பாடசாலையில் மாணவனுக்குக் கொடுக்கும் சேர்விலக்கம் போன்றது இது. ஆள் யாரென்று சொல்லும். அவன் எடுத்த புள்ளியைச் சொல்லாது.

சேதன முறையில் விளைந்ததென்றால் முன்னால் 9 சேர்ப்பார்கள். சேதன வாழைப்பழம் 94011. இது மட்டும் உண்மை. மரபணு மாற்றியதற்கு 8 என்று ஒதுக்கியதும் உண்மைதான். ஆனால் அந்த 8 ஒருபோதும் கடைத்தட்டுக்கு வரவேயில்லை. ஹவாயில் 1998 முதல் மரபணு மாற்றிய பப்பாசி விளைகிறது. அதற்குக்கூட 8 ஒட்டப்படவில்லை. இந்த முறை சட்டமல்ல, வியாபாரிகள் விரும்பினால் பின்பற்றுவது. தன் சரக்கை மக்கள் ஒதுக்கும்படி எந்த வியாபாரி தானாக 8 ஒட்டுவான்? 2015 இல் அந்த அர்த்தத்தையே நீக்கி, புதிய பழ இனங்களுக்கு இலக்கம் போதாமல் போகும்போது பயன்படுத்த 8 இல் தொடங்கும் இலக்கங்களை ஒதுக்கினார்கள்.

ஆகவே 4 இல் தொடங்கினால் நஞ்சு என்பது பொய். 4 இருப்பதால் பாதுகாப்பு என்றும் அர்த்தமில்லை. எவ்வளவு மருந்து அடித்தார்கள் என்பதை அந்த இலக்கம் சொல்வதே இல்லை. எந்த நாட்டுப் பழம் என்பதையும் இலக்கம் காட்டாது. நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தால் அதை வாசியுங்கள்.

ஸ்டிக்கரைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, பயமில்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அந்தத் தகவல் மறுபடி குழுமத்துக்கு வந்தால், அனுப்பியவருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.