வீக்கம் வடிந்த கதை

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் தாமல் வரும். பெரிய ஏரி உள்ள ஊர். ஏரி நிரம்பினால் உபரி நீர் போகக் கலங்கல் வேண்டும். இல்லாவிட்டால் கரை நிற்காது. ஏரிப் பாசனக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மனித உடம்பிலும் அப்படி ஒரு கலங்கல் உண்டு. அதுதான் சிறுநீரகம்.

நாள் ஒன்றுக்கு அது சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது. அதில் ஒன்றிரண்டு லிட்டர் போக மீதி முழுவதையும் இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. இருதயம் தளர்ந்தால் இந்தக் கணக்குப் பிசகிப் போகும். சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புத் தங்கினால் நீரும் தங்கும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும்.

நம் வைத்தியர்கள் இதற்கு நீர்முள்ளி, நெருஞ்சில், மூக்கிரட்டை, சிறுபீளை என்று கஷாயம் போட்டார்கள். இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே கதைதான். 1775-ல் ஷ்ராப்ஷைர் கிழவி ஒருத்தியின் இரகசியக் கஷாயம் டாக்டர் வில்லியம் விதரிங்கிடம் வந்து சேர்ந்தது. இருபது மூலிகைகளுக்குக் குறையாத அந்தக் கூட்டில் வேலை செய்வது ஒன்றே என்று அவர் கண்டுகொண்டார். பத்து வருஷம் சோதித்துப் பார்த்து, 1785-ல் புத்தகம் எழுதினார். அந்த டிஜிடாலிஸ் முக்கியமாக இருதயத்துக்குத்தான் வலுக் கொடுத்தது. அது நிமிர்ந்ததும் நீர் தானே இறங்கிற்று.

1919-ல் வியன்னாவில், மேகநோய் கண்ட ஒரு பெண்ணுக்குப் பாதரச ஊசி போட்டார்கள். அங்கிருந்த நர்சு சிறுநீரின் அளவை நாள்தோறும் எழுதி வந்தாள். அது பல மடங்கு ஏறியிருந்ததை ஆல்பிரட் வோகல் என்ற மாணவர் கவனித்தார். பாதரசம் நஞ்சுதான், ஆனாலும் பல வருஷங்களுக்கு அதைவிட வலுவான மருந்து கிடைக்கவில்லை. பிறகு சல்பா மருந்துகளின் வழியில் ஆராய்ந்து, 1957-ல் அமெரிக்காவின் மெர்க் ஆராய்ச்சிக்கூடத்தார் குளோரோதயசைடு மாத்திரையைக் கொண்டுவந்தார்கள். 1960-களில் ஃபுரோசமைடு வந்தது.

சிறுநீரகத்தின் நுண்குழாயில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் இடங்கள் பல. ஃபுரோசமைடு நடுவிலுள்ள பெரிய வாயிலை அடைக்கிறது, வேகம் அதிகம். தயசைடு அதற்கு அடுத்த சிறிய வாயிலை அடைக்கிறது. நிதானமாக வேலை செய்யும், இரத்த அழுத்தத்துக்கும் உதவும். இரண்டிலும் உப்போடு பொட்டாசியமும் போய்விடும். அது மிகவும் குறைந்தால் இருதயத் துடிப்பே தாறுமாறாகும். ஸ்பைரோனோலாக்டோன் கடைசி வாயிலில் நின்று உப்பை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தைச் சேமிக்கும். ஆகவே இதைச் சாப்பிடுகிறவர், உடம்புக்கு நல்லதென்று இளநீரைத் தாராளமாகக் குடித்தால் ஆபத்து நேர் எதிர்ப்புறமிருந்து வரும்.

வீட்டில் இருவருக்கும் ‘நீர் மாத்திரை’தானே என்று ஒருவர் மாத்திரையை மற்றவர் விழுங்கக் கூடாது என்பது இதனால்தான். வீக்கம் வடிந்தது என்று தாமாக நிறுத்துவதும் கூடாது. வியன்னா நர்சு செய்ததை வேண்டுமானால் நாமும் செய்யலாம். தினம் காலையில் எடை பார்த்து எழுதி வைக்கலாம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறிவிட்டால், கால் வீங்கும் வரை காத்திராமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.