பூஜ்யத்தில் பாதி எவ்வளவு?

பூஜ்யத்தில் பாதி எவ்வளவு? ‘பூஜ்யம்தான், இதென்ன கேள்வி?’ என்பீர்கள். பொம்மை ரயில் உலகத்தில் போய்க் கேளுங்கள்... 16.5 மில்லிமீட்டர் என்பார்கள்!

குழம்ப வேண்டாம். வாருங்கள், ஜெர்மனிக்கு ஒரு நடை போய் வருவோம்.

மெர்க்லின் என்ற நிறுவனம் 1859-ல், பொம்மை வீட்டுக்கான தகரச் சமையல் சாமான்கள் செய்து பிழைப்பைத் தொடங்கியது. அந்த வியாபாரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பொம்மை வீட்டை ஒரு தடவை வாங்கிக் கொடுத்தால் போதும். சட்டி, பானை, அடுப்பு என்று அப்பா வருஷா வருஷம் பர்ஸைத் திறந்தே ஆக வேண்டும்!

‘இதே வித்தையை ரயிலில் காட்டினால் என்ன?’ 1891-ல் லைப்ஸிக் சந்தைக்கு, சாவி கொடுத்தால் தண்டவாளத்தில் ஓடும் ரயிலைக் கொண்டுவந்தது மெர்க்லின். தண்டவாள அகலங்களுக்கு 1, 2, 3 என்று வரிசையாக நம்பரும் போட்டது. இந்த கிறிஸ்துமஸுக்கு இன்ஜின், அடுத்ததற்கு இன்னும் நாலு பெட்டி. நம்பர் ஒன்றாக இருந்தால் எல்லாம் சேர்ந்து ஓடும். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிரமாதமான கணக்கு!

ஆனால், 1-ஐவிடச் சின்ன ரயில் வேண்டும் என்றபோது நம்பருக்கு எங்கே போவது? பூஜ்யம் என்றார்கள். அதையும் பாதியாக்கி 1935-ல் ஒரு ரயில் விட்டார்கள். முதலில் ‘இரட்டைப் பூஜ்யம்’ என்று பெயர், பின்னாளில் ‘பாதிப் பூஜ்யம்’. அதுதான் நமது 16.5!

சரி, ஒரு பழைய தகரத் தண்டவாளம் உங்கள் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த கேஜ்? ஸ்கேலை எடுங்கள். நடுவில் மூன்றாவது கம்பி இருந்தால் அதை மறந்துவிடுங்கள், அது மின்சாரத்துக்கு. வெளிக் கம்பிகள் இரண்டுக்கும் இடையே, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளக்க வேண்டும். தகரம் வளைந்திருக்கும், எனவே இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். 32 மி.மீ. என்றால் பூஜ்யம். 45 என்றால் 1. 51 என்றால் 2.

54 வந்தால்? அங்கேதான் வில்லங்கம்.

மெர்க்லின் அந்தக் காலத்தில் அளந்தது, கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவுக்கு. அந்தக் கணக்கில் 2-ம் நம்பரின் அகலம் 54. அமெரிக்காவின் லயனல் நிறுவனமோ, 1906-ல் உள்விளிம்புக்கு உள்விளிம்பு 54 வருகிற (அதாவது இரண்டே அரைக்கால் அங்குலம்) தண்டவாளத்தைக் கொண்டுவந்தது. ஜெர்மன் அளவைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு, நிரூபணம் கிடையாது. தவறோ, தந்திரமோ... யாருடைய ரயிலும் பொருந்தாத அந்த அளவுக்கு லயனல் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ஸ்டாண்டர்ட் கேஜ்’! பிற்பாடு அதே அகலத்தில் ரயில் செய்த போட்டியாளர்கள், பெயர் லயனலுடையது என்பதால், ‘வைட் கேஜ்’ என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

வித்தியாசம் மூன்றே மில்லிமீட்டர். ஆனால், 51-க்குச் செய்த ரயிலின் சக்கரம் 54-ல் ஒழுங்காக உட்காராது. ‘ஸ்டாண்டர்ட்’ என்ற பெயரை நம்பிப் பணம் கொடுத்தால் ரயில் அலமாரியில்தான் நிற்கும்.

இன்னொரு எச்சரிக்கை. 45 வந்தவுடன் ‘ஆஹா, நூறு வருஷப் பழசு’ என்று துள்ளாதீர்கள். 1968-ல் எல்.ஜி.பி. என்ற ஜெர்மன் தோட்டத்து ரயில் வந்ததும் அதே 45-ல்தான். நம்ம ஊர் மீட்டர் கேஜ் போன்ற ரயிலை 22.5-ல் ஒரு பங்காகச் சுருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த அகலம்தான் வரும்.

ஸ்கேல் அகலத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

லயனலின் ‘ஸ்டாண்டர்ட்’ 1930-களின் முடிவோடு கடையைக் கட்டியது. 45 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரிலா இருக்கிறது ஸ்டாண்டர்ட்?