ஈமு குஞ்சும் நாய்க் காசும்

சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு 'மீம் காயின்' என்றால் என்னவென்று விளக்குவது ரொம்பச் சுலபம். 'ஈமு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஈமு ஆஸ்திரேலியப் பறவை. நெருப்புக் கோழிக்கு அடுத்த உயரம், கரும்பச்சையில் முட்டை. 2006-ல் பெருந்துறையில் சுசி ஈமு ஃபார்ம்ஸ் என்ற கம்பெனி தொடங்கியது. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு. தீவனம், கொட்டகை கம்பெனி செலவு. மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புப் பணம், வருடம் 20,000 போனஸ். இரண்டு வருடம் கழித்துக் கட்டிய பணம் வாபஸ். சினிமா முகங்கள் விளம்பரத்தில் சிரித்தன. நாமக்கல், சேலம் வட்டாரத்திலும் இதே மாதிரிக் கம்பெனிகள் முளைத்தன.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 மாதத்துக்கு 1,44,000. போனஸ் 40,000. அசல் 1,50,000. ஆக 3,34,000 ரூபாய். ஆறு பறவைக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 55,000-க்கு மேல்! தீவனச் செலவு தனி. பறவை 50 கிலோ எடை நின்றாலும் உயிரோடு கிலோ 1,100-க்கு மேல் விற்றாகணும். 2012-ல் ஆட்டுக்கறியே அதில் பாதி விலை கிடையாது. அப்புறம் எங்கிருந்து வந்தது பணம்? அடுத்து கட்டியவரிடமிருந்துதான்.

இத்தனைக்கும் இது கோழிக் கணக்கில் கெட்டிக்காரர்கள் ஊர். நாமக்கல் பண்ணைக்காரர் முட்டை விலையில் ஐந்து பைசா இறங்கினால் அன்று முழுக்கப் புலம்புவார். ஆனால் அந்த முட்டையைத் தின்ன ஆள் உண்டு. சத்துணவுக்கு, கேரளாவுக்கு, வளைகுடாவுக்கு என்று தினமும் லாரி கிளம்புகிறது. ஈமுவைத் தின்ன யாரும் க்யூவில் நிற்கவில்லை. ஈமுவை வாங்கியவர்கள் எல்லாம் ஈமு வளர்க்க வந்தவர்கள்தான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'வி.ஐ.பி. திட்டம்' என்று இன்னொன்று வைத்திருந்தார்கள். உங்களுக்குத் தோட்டம் வேண்டாம், கொட்டகை வேண்டாம், பறவையே வேண்டாம். பணத்தை மட்டும் கட்டுங்கள், பறவையை நாங்கள் வளர்த்துக்கொள்கிறோம், மாதம் 7,000 உங்கள் கைக்கு வந்துவிடும். கட்டியவர் கையில் இருந்தது ஒரு பத்திரமும் மனசில் ஒரு பறவைப் படமும்தான். டோக்கன் என்ற வார்த்தை புழக்கத்துக்கு வராததால் அதை டோக்கன் என்று சொல்லவில்லை, அவ்வளவே.

அடுத்த வருடமே அசல் டோக்கன் வந்துவிட்டது. 2013 டிசம்பரில் பில்லி மார்க்கஸ், ஜாக்சன் பாமர் என்ற இரண்டு பேர் பிட்காயினைக் கிண்டலடிக்க ஒரு காசு செய்தார்கள். பெயர் டோஜ்காயின். சின்னம், இன்டர்நெட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பான் நாயின் போட்டோ. மார்க்கஸ் தன் பங்கை 2015-லேயே விற்று, பழைய ஹோண்டா சிவிக் வாங்கும் அளவுக்குத்தான் சம்பாதித்தார். அந்தக் கிண்டலின் மொத்த மதிப்பு 2021 மே மாதம் 8,000 கோடி டாலரைத் தாண்டியது!

அதே மாதம் இந்தியாவுக்கும் நாய்க் காசு வந்தது. 'ஷிபா இனு' என்ற போட்டி நாய்க் காசைச் செய்தவர்கள் அதில் பாதியை, கேட்காமலே, எத்தேரியம் கண்ட விட்டாலிக் புட்டெரின் கணக்கில் போட்டிருந்தார்கள். அவர் அதிலிருந்து 50 லட்சம் கோடி காசுகளை நம் கோவிட் நிவாரணத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றைய விலையில் நூறு கோடி டாலருக்கு மேல். செய்தி வந்ததுமே விலை மளமளவென்று சரிந்தது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் விற்றால் வாங்க ஆளிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விற்க முடிந்தது. காகிதத்தில் இருந்த தொகை முழுசாகக் கைக்கு வரவில்லை. ஆனால் வந்த வரைக்கும் நிஜப் பணம், நிஜ உதவி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது நாய்கூட வேண்டாம். 2024-ல் நியூசிலாந்துக்காரர் ஆண்டி அய்ரி உருவாக்கிய 'ட்ரூத் டெர்மினல்' என்ற ஏ.ஐ. கணக்கு, எக்ஸ் தளத்தில் தானாகவே எசகுபிசகான மீம் எழுதிக்கொண்டிருந்தது. அக்டோபரில் யாரோ ஒருவர் அதை வைத்து 'கோட்' என்று ஒரு காசு அடித்தார். அதை இந்த மெஷின் புகழ்ந்து தள்ள, சில வாரங்களில் மதிப்பு நூறு கோடி டாலரைத் தொட்டது. பிறகு 90 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது. காசு அடிப்பதற்கென்றே 'பம்ப் ஃபன்' போன்ற தளங்கள் இருக்கின்றன. ஏ.ஐ.-யிடம் படம் கேட்டு, பெயர் வைத்து, டீ ஆறுவதற்குள் நூறு கோடி டோக்கன் அடித்துவிடலாம். செலவு டீக் காசு அளவுதான். அடித்தவர் முதலிலேயே மலிவாக அள்ளிக்கொள்வார். விலை ஏறினதும் விற்றுவிட்டுப் போவார். கடைசியாக வாங்கியவர் கையில் படம் மிஞ்சும்.

இதில் நம் அரசாங்கமும் ஒரு பங்காளி. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி. ஒரு காசில் ஜெயித்து இன்னொன்றில் தோற்றால் கழித்துக்கொள்ள முடியாது. ஜெயித்ததற்கு முழு வரி. தோற்றது உங்கள் தலையெழுத்து.

2012 ஆகஸ்டில் ஈமு கம்பெனி மூடியபோது கொட்டகைகளில் பறவைகள் பட்டினி கிடந்தன. கால்நடைத் துறை தீவனம் போட வேண்டி வந்தது. ஆனால் பணம் கட்டியவர்கள் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. கம்பெனிக்கு முகவரி இருந்தது, முதலாளி கைதானார், முதலீட்டாளர் நலன் காக்கும் 1997-ம் வருடத் தமிழகச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்து கோவை கோர்ட் தண்டனை கொடுத்தது. அந்தச் சட்டம் டெபாசிட் வாங்கித் திருப்பித் தராத நிறுவனத்தைப் பிடிக்கும். மீம் காயினை அடித்தவர் டெபாசிட் வாங்குவதில்லை, திருப்பித் தருவதாக வாக்கும் கொடுப்பதில்லை. புகார் மனுவில் எதிரி என்ற இடத்தில் எழுதப் பெரும்பாலும் ஒரு புனைபெயர்தான் கிடைக்கும்.