ஒரே சேலை, மூன்று நிறம்: திருமணப் படங்களும் ஒளியின் நிறமும்

ரவாங் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துக் கோயிலில் திருமணம் என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு வாசலில் எடுத்த படத்தில் மணமகளின் அரக்குச் சேலை அரக்காகவே இருக்கிறது. பத்து மணிக்கு உள்ளே தாலி கட்டும்போது எடுத்த படத்தில் அதே சேலை செங்கல் நிறம். மணமகளின் முகத்தில் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். நண்பகல் விருந்தின்போது நீலக் கூடாரத்தின் கீழ் எடுத்த படத்தில் சேலை ஊதாவாகி, மாப்பிள்ளையின் முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பிறகு ஆல்பத்தைப் புரட்டும் பாட்டி, "எத்தன சேல மாத்துனா?" என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

பழி உடனே படக்காரர்மீதோ கேமராவின்மீதோ விழும். ஆனால் மூன்று படத்திலும் மாறியது ஒளியின் நிறம். அதற்கேற்ப கேமராவுக்கு "இந்த இடத்தில் வெள்ளை என்பது இதுதான்" என்று சொல்லிக் கொடுப்பதே வெண்சமநிலை. கேமராவில் 'ஒயிட் பேலன்ஸ்' என்றோ சுருக்கமாக 'டபிள்யூ.பி.' என்றோ இருக்கும்.

மனிதக் கண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. குத்துவிளக்கின் அருகில் வைத்தாலும் வெயிலில் காயப்போட்டாலும் வேட்டி வெள்ளையாகவே தெரிகிறது. மூளை தானாகத் திருத்திக்கொள்கிறது. கேமரா வந்த ஒளியை வந்தபடியே பதிவு செய்கிறது.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். உலையில் காயும் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, அதற்கும் மேல் வெண்மையாக ஒளிர்வதை நினைத்துக்கொண்டால் போதும்: எண் ஏற ஏற ஒளி நீலத்தை நோக்கிப் போகும். எண்ணெய் விளக்கு ஏறக்குறைய 1,900 கெல்வின், பழைய இழை பல்பு 2,800, நண்பகல் வெயில் 5,500, மேகமூட்டம் 6,500, வெயில் படாத நிழல் 7,500 அல்லது அதற்கும் மேல். இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கேமராவில் எண்ணை உயர்த்தினால் படம் நீலமாகாது, மஞ்சளாகும். "ஒளி நீலமாக இருக்கிறது" என்று சொல்லப்பட்ட கேமரா, அதை ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்கிறது.

'ஆட்டோ'வில் விட்டுவிட்டால் என்ன? பெரும்பாலான நேரம் நன்றாகவே வேலை செய்யும். காட்சியில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் வரவேண்டும் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. புதிய கேமராக்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டாலும், ஒரே நிறம் படத்தை நிறைத்துவிட்டால் தடுமாறும். பத்துமலை இதற்கு நல்ல சோதனை. 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலை முழுக்கத் தங்க நிறம். தைப்பூசத்தன்று அதன் கீழே மஞ்சள் ஆடைக் கூட்டம். இவ்வளவு மஞ்சளா என்று சந்தேகப்படும் கேமரா நீலத்தைச் சேர்க்க, சிலை பித்தளை போல மங்கிவிடும். வெயில் படத்தில் சூரியன் குறியுள்ள அமைப்பை வைத்துவிட்டால் தங்கம் தங்கமாக வரும். குகைக்குள் போனதும் அதை மாற்ற மறந்துவிடக் கூடாது. அங்கே கூரைத் திறப்பின் வழியாக இறங்கும் வானொளியோடு மின்விளக்கும் சேர்ந்துகொள்கிறது.

தோட்டப்புறத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. செம்பனை மரங்களுக்கு இடையில் ஜோடியை நிற்கவைத்துப் படம் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓலைகளின் வழியாகவும் ஓலைகளில் பட்டும் வரும் ஒளி பச்சையாக இருக்கும். மாநிறத் தோலில் அது நோயாளியின் களையைக் கொண்டுவந்துவிடும். கெல்வின் எண்ணை எவ்வளவு நகர்த்தினாலும் இது தீராது, ஏனென்றால் கெல்வின் நீலம், மஞ்சள் ஆகிய இரண்டுக்கும் இடையில்தான் நகரும். பச்சைக்கு எதிர்நிறம் மெஜந்தா என்னும் கருஞ்சிவப்பு ரோஜா வண்ணம். அதற்குத் தனியாக 'டின்ட்' என்ற இழுப்பான் உண்டு, அதை மெஜந்தா பக்கம் சிறிது தள்ளவேண்டும். அதைவிட எளிய வழி, ஜோடியை நாலு எட்டு நடக்கவைத்து வானம் தெரியும் மண்சாலை ஓரத்துக்குக் கொண்டுவருவது. அங்கே செம்மண் கீழிருந்து கொஞ்சம் சிவப்பைத் தெறிக்கும். அது முகத்துக்குப் பாதகமில்லை.

கூடாரமும் அப்படித்தான். நீலத் துணி என்றால் கீழே இருக்கும் எல்லாமே நீலம், மஞ்சள் என்றால் மஞ்சள். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் வரித்துணி என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களே வேறு வேறு நிறத்தில் இருப்பார்கள். விருந்துக்குக் கூடாரம் சொல்லும்போதே வெள்ளைத் துணி கேட்டு வாங்கும் குடும்பம், படக்காரரின் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் கடினமானது கலப்பொளி. கோயிலின் உள்ளே கதவு வழியாக நீலம் கலந்த பகலொளி, கூரையில் குழல்விளக்கு, சன்னிதியில் எண்ணெய் விளக்கு, அசைபடக்காரர் பிடித்திருக்கும் எல்.இ.டி. என நாலு விதம். ஒரு படத்துக்கு ஒரு வெண்சமநிலைதான் வைக்கமுடியும், ஆகவே நாலையும் ஒரே எண்ணால் சரிசெய்ய முடியாது. இந்தத் தொல்லையின் மூத்த ஊர் என்று ரவாங்கையே விளையாட்டாகச் சொல்லலாம். 1894-இல் லோக் இயூவும், பத்துமலைக் கோயிலை நிறுவிய கே. தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கியை அமைத்தார்கள். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதற்கான மிகப் பழைய பதிவு அதுதான்.

கலப்பொளியில் முதல் வேலை, விளக்குகளைக் குறைப்பது. நிர்வாகத்திடம் கேட்டு முகூர்த்த நேரத்தில் மணவறைக்கு மேலுள்ள குழல்விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லலாம். பகலொளி போதுமானால் அசைபடக்காரரும் தன் விளக்கைத் தணித்துக்கொள்ளலாம். அது முடியாவிட்டால், முகத்தில் எந்த ஒளி அதிகம் விழுகிறதோ அதற்கு மட்டும் சமநிலை வைத்து, மற்றதை அதன் போக்கில் விடவேண்டும். குத்துவிளக்கின் சுடரை வெள்ளையாக்க முயல்வது வீண்வேலை, அது மஞ்சளாக இருப்பதே அழகு. ஃபிளாஷ் பயன்படுத்துவோர் அதன் ஒளி பகலொளி நிறம் என்பதை மறக்கக் கூடாது. மஞ்சள் விளக்கு எரியும் மண்டபத்தில் ஃபிளாஷின் முகப்பில் ஆரஞ்சு 'ஜெல்' தாளை ஒட்டிவிட்டால் முன்னும் பின்னும் ஒரே நிறமாகும்.

மலிவான எல்.இ.டி. வேறு வகை. அதன் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருப்பதால் குங்குமமும் அரக்குச் சேலையும் உயிரற்றுத் தெரியும். ஒளியில் இல்லாத நிறத்தை எந்தச் சமநிலையும் கொண்டுவராது. விளக்கு வாங்குவோர் பெட்டியில் 'சி.ஆர்.ஐ.' 90-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

சரியான சமநிலைக்கு நம்பகமான வழி சாம்பல் அட்டை. தாலி கட்டும் இடத்தில், மணமகளின் முகம் இருக்கும் உயரத்தில், அதே திசையில் அட்டையைப் பிடித்து, அது படத்தை நிறைக்கும்படி ஒரு படம் எடுத்து, கேமராவின் 'கஸ்டம்' அல்லது 'பிரீசெட்' அமைப்பில் அதைக் கொடுத்தால் வேலை முடிந்தது. சடங்கு தொடங்குமுன் அரை நிமிடம் போதும். அட்டை இல்லையென்று புது வேட்டியைக் காட்டுவோர் உண்டு. புது வெள்ளைத் துணியில் சேர்க்கும் வெளுப்பூட்டி பகலொளியில் நீலமாக மினுங்கும். அதை வெள்ளை என்று நம்பும் கேமரா, முகத்தை மஞ்சளாக்கிவிடும். எடுத்த படத்தைச் சரிபார்க்க மட்டும் நெற்றியில் உள்ள திருநீறு நல்ல அடையாளம். அது மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிந்தால் சமநிலை பிசகியிருக்கிறது.

தோலின் நிறத்துக்கு வருவோம், உண்மையில் எல்லாரும் கவலைப்படுவது அதைப்பற்றித்தான். ஃபிலிம் காலத்தில் கோடாக் ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய 'ஷெர்லி' அட்டையில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம். கறுப்பு, பழுப்புத் தோல் சரியாக வராததற்கு அதுவும் ஒரு காரணம். சாக்லேட், மரத்தளவாட நிறுவனங்கள் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று குறைப்பட்ட பிறகுதான் ஃபிலிம் திருந்தத் தொடங்கியது என்பது வேடிக்கையும் வேதனையும் கலந்த செய்தி. இன்று அந்த இடத்தைக் கைப்பேசியின் 'அழகூட்டும்' வசதி பிடித்திருக்கிறது. முகத்தை வெளுக்க வைப்பது வெண்சமநிலை அல்ல. கறுத்த தோல் செம்மையோடு ஆழமாக வரவேண்டும், அதுதான் சரியான நிறம். கணினியில் திருத்துவோர் கன்னத்தின் மீது சுட்டியை வைத்துப் பார்க்கலாம்: சிவப்பு எண் அதிகமாகவும், பச்சை அதற்கடுத்தும், நீலம் குறைவாகவும் இருக்கும். நீலம் பச்சையைத் தாண்டினால் முகம் சாம்பலடிக்கிறது என்று பொருள்.

கேமராவில் 'ரா' கோப்பாக எடுத்தால் நிறத்தைப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். ஜேபெக் கோப்பில் அந்த இடம் குறைவு. கைப்பேசிகள் பலவற்றில் 'புரோ' அமைப்புக்குள் வெண்சமநிலை இருக்கிறது. இல்லாதவற்றில் படம் எடுத்த பிறகு வெப்பத்தையும் டின்டையும் சற்றே நகர்த்தித் திருத்தலாம்.

பழைய ஆல்பங்கள் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. 1970, 80-களில் அச்சிட்ட வண்ணப் படங்கள் பெட்டிக்குள் இருந்தே சிவந்துபோவது வழக்கம். அச்சிலுள்ள நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதே காரணம். லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, ஆட்கள் ஊர் மாறிப்போன தோட்டங்கள் பலவற்றுக்கு மிஞ்சியிருப்பது இந்தப் படங்கள்தான். ஸ்கேன் செய்து, சட்டையை வெள்ளையாகக் காட்டி ஒரு சொடுக்கில் திருத்தினால் நிழல் பகுதிகள் சரியாக வராது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி வளைகோட்டில் சரிசெய்யவேண்டும். திருத்தத் தெரியாவிட்டாலும் இப்போதே ஸ்கேன் செய்துவிடுவது நல்லது, சாயம் இன்னும் மங்கிக்கொண்டுதான் இருக்கிறது. திருத்தாத அந்த முதல் கோப்பை அழிக்காமல் தனியாக வைத்திருந்தால், நாளை நன்றாகத் திருத்தத் தெரிந்த ஒருவர் அதிலிருந்து தொடங்கமுடியும்.