திதிகாக்கா ஏரிக்கரையின் மேட்டுப்பாத்திகள்

பெரு, பொலிவியா ஆகிய இரு நாடுகளுக்கும் பொதுவாக, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் கிடக்கும் திதிகாக்கா ஏரியைச் சுற்றியுள்ள தாழ்நிலம், உழவுக்கு எளிதில் இடங்கொடுப்பதன்று. நுண்துகள்கள் நெருங்கிச் செறிந்த கனத்த களிமண்ணாகையால் மழைக்காலத்தில் நீர் வடியாமல் தேங்கி, வேருக்குக் காற்று கிட்டாமல் கிழங்குகள் அழுகிவிடும். பயிர் நிற்கும் பருவத்திலேயே எதிர்பாராத இரவொன்றில் இறங்கும் உறைபனி இலைகளைக் கருக்கிவிடும். அண்மைக்காலத்தில் பெரும்பாலும் மேய்ச்சல் தரையாகவே கருதப்பட்டுவந்த இச்சமவெளியை, புவியியலாளர் வில்லியம் டெனவனும் அவருடைய கூட்டாளிகளும் 1960களில் ஆராய்ந்தபோது, புல்லுக்கடியில் வரிவரியாகப் பழைய பாத்திகள் பரந்து கிடப்பது தெரியவந்தது. 1968இல் வெளியான அவர்களது ஆய்வு அவற்றின் பரப்பை ஏறத்தாழ 82,000 ஹெக்டேர் எனக் கணித்தது.

கெச்சுவா மொழியில் வாரு வாரு என்றும் அய்மாரா மொழியில் சூக்கா கொல்லு என்றும் வழங்கும் இவ்வமைப்பு, வாய்க்காலும் மேடும் அடுத்தடுத்து வருவது. வாய்க்கால் தோண்டிய மண்ணையே இருபுறமும் குவித்து, பொதுவாக 4 முதல் 10 மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் வரை உயரமும் உள்ள மேடுகளை எழுப்பினர். இதனால் மேல்மண்ணின் கனம் இரட்டிப்பாயிற்று. வேர் பரவும் அடுக்கு நீர்மட்டத்துக்கு மேலே வந்தது. ஆயினும் இதனை வெறும் வடிகால் ஏற்பாடு என்று கொள்வது பிழையாகும். வடிகால் நீரை வெளியேற்றிவிடும். இங்கோ நீர் பயிருக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது. பகலில் கடும் வெயிலைக் குடித்த வாய்க்கால் நீர் இரவில் அவ்வெப்பத்தை மெல்ல வெளியிட்டு உறைபனியின் கடுமையைத் தணித்தது. மழை பொய்த்தால் அதுவே பாசனமாயிற்று. நிலத்தின் உவர் கரைந்து வாய்க்காலில் இறங்கியது. வாய்க்காலில் பாசியும் நீர்ச்செடிகளும் வளர்ந்து மடிந்து அடியில் படியும் கரிய சேற்றை வறண்ட காலத்தில் வாரி மேட்டின்மேல் பரப்பினால், இறுகிய களிமண் மட்கு கலந்து பொலபொலப்பாகும். நிலத்துக்குக் கேடாக இருந்த நீரே இவ்வாறு அதற்கு உரமும் காப்பும் ஆனது. இவ்வேற்பாட்டின் நுட்பம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

தொல்லியலாளர் கிளார்க் எரிக்சன், 1980களின் தொடக்கத்தில், பெருவின் உவாட்டா பகுதிச் சிற்றூரார்களோடு சேர்ந்து சில மேடுகளை மீண்டும் கட்டிப்பார்த்தார். அதற்குப் பயன்பட்டது சாக்கிதாக்லா என்னும் மிதிகலப்பை. வளைந்த நீண்ட மரக்கழியின் நுனியில் குறுகிய அலகும், அதற்குச் சற்று மேலே கால் வைக்கும் படியும் கட்டியிருக்கும். ஒருவர் அதை மிதித்துப் புல்லும் வேரும் சேர்ந்த மண்கட்டியை அறுத்துப் புரட்ட, மற்றொருவர் அதைத் தூக்கிச் செல்வார். அக்கட்டிகளை மேட்டின் ஓரங்களில் சுவர்போல் அடுக்கி, உள்ளே உதிரிமண்ணைக் கொட்டிப் பெருங்கட்டிகளை உடைத்துப் பரப்பினர். அகழாய்வின்வழி, இம்மேடுகளில் சில கிறித்துவுக்கு முன் முதலாம் ஆயிரத்தாண்டிலேயே தோன்றியவை என அவர் கருதினார். இவற்றைக் கட்டியவர் யார் என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. பொலிவியப் பகுதியில் ஆய்ந்த ஆலன் கோலாட்டா, அப்பகுதியைப் பண்டு ஆண்ட திவானாக்கு அரசின் மேலாண்மையை இதில் கண்டார். எரிக்சனோ, நிலத்தைப் பொதுவில் ஆளும் உறவினர் குழுவாகிய அய்லு, அரசின் ஆணையின்றியே இதனைச் செய்திருக்க முடியும் என்றார். எளிய கருவிகளையும் சிறு குழுக்களின் உழைப்பையும் நோக்கும்போது, பின்னவர் கூற்றே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

புதுப்பித்த மேடுகளில் உருளைக்கிழங்கு முதற்சில ஆண்டுகளில் வட்டாரச் சராசரியை வெகுவாக விஞ்சி விளைந்தது. இதைக் கண்டு அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் அடுத்த பத்தாண்டில் பல ஊர்களில் மேடு கட்டுவித்தன. மண் வெட்டியவர்களுக்குப் பல இடங்களில் கூலியோ உணவுப்பொருளோ வழங்கப்பட்டது. ஆனால் ஆண்டுதோறும் சேறு வாருவதற்கும் சரிந்த ஓரங்களைச் சீர்செய்வதற்கும் கூலி தரும் திட்டம் தொடராமையால், உதவி நின்றதும் பெரும்பாலான மேடுகள் கைவிடப்பட்டன. தொடக்க விளைச்சலில் ஒரு பகுதி, நெடுங்காலம் தரிசாகக் கிடந்து வளம் சேர்த்திருந்த மண்ணைப் புரட்டியதன் பயனே என்று பின்னர்ச் சிலர் எடுத்துக்காட்டினர். அவ்வாறாயின் பழங்காலத்தாரும் எல்லா மேடுகளையும் ஒருசேரப் பயிரிட்டிருக்கமாட்டார்கள். சிலவற்றை உழுது சிலவற்றைத் தரிசாக விட்டிருப்பார்கள். ஆகவே, 82,000 ஹெக்டேரும் ஒரே காலத்தில் விளைந்ததாகக் கொண்டு அக்கால மக்கள்தொகையைப் பெருக்கிக் காட்டும் கணக்குகளை அப்படியே ஏற்பதற்கில்லை.