விருந்தாளியும் வெல்லலாம்



தோட்டத்துத் திடலில் ஒரு கபடிப் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் குழுக்கள் வருகின்றன. கோடு போட்டவர்கள் நம்மவர்கள். விசில் பிடித்தவர் நம்மவர். சுற்றி நின்று கைதட்டுபவர்களும் நம்மவர்களே. வந்த குழு தோற்றுப்போனால் என்ன பேசிக்கொண்டு லாரி ஏறும்? "அவர்கள் திடல், அவர்கள் நடுவர். நாம் எப்படி ஜெயிப்பது?" என்றுதான் பேசும். அந்தப் பேச்சு உண்மையானால் நமக்கு வெட்கம். பொய்யானாலும், அதைப் பொய் என்று காட்ட நம்மிடம் ஒரு சான்று வேண்டும். அந்தச் சான்றுக்குப் பெயர்தான் விதி.

அனைத்துலகத் தற்காப்புக் கலைப் போட்டியை ஏற்று நடத்தும் நாட்டுக்கும் இதே சிக்கல் உண்டு. அதற்கென்று இன்று நுணுக்கமான விதிகள் இருக்கின்றன. அவை ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. சில இடங்களில் ஒருவர் சிந்திய கண்ணீரும் இருக்கிறது. ஜூடோ என்னும் ஜப்பானியக் கலையின் வரலாற்றைக் கொண்டு அதை இன்று பார்ப்போம்.

1882ஆம் ஆண்டு, தோக்கியோ நகரில் ஒரு பௌத்த ஆலயத்தில், பன்னிரண்டு பாய்கள் விரித்த ஓர் அறையில், ஜிகோரோ கானோ என்ற இளம் ஆசிரியர் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதன் பெயர் கொடோகான். பழைய மல்யுத்த முறைகளிலிருந்து ஆபத்தான பிடிகளை விலக்கி, மாணவர்கள் உடம்பையும் ஒழுக்கத்தையும் வளர்க்கும் கல்வியாக அவர் ஜூடோவை உருவாக்கினார். 1909ஆம் ஆண்டு அவர் அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தில் உறுப்பினரானார். அந்த மன்றத்தில் இடம்பெற்ற முதல் ஆசியர் அவரே. 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகளைத் தோக்கியோவுக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். வாய்ப்பும் கிடைத்தது. ஆனால் 1938ஆம் ஆண்டு மே மாதம், வெளிநாட்டுக் கூட்டம் முடிந்து கப்பலில் திரும்பும் வழியில் அவர் காலமானார். சீனாவுடன் போரில் இறங்கியிருந்த ஜப்பான் அதே ஆண்டு ஜூலை மாதம் ஒலிம்பிக் பொறுப்பைக் கைவிட்டது. அண்டை வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டே ஊருக்கெல்லாம் விருந்து வைக்க முடியாது அல்லவா?

போர் முடிந்தது. 1951ஆம் ஆண்டு அனைத்துலக ஜூடோ சம்மேளனம் அமைந்தது. 1956ஆம் ஆண்டு மே மாதம் தோக்கியோவில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. இருபத்தொரு நாடுகள் கலந்துகொண்டன. அன்று எடைப் பிரிவு என்று எதுவும் கிடையாது. சிறிய உடம்புக்காரரும் பெரிய உடம்புக்காரரும் ஒரே பாயில் மோதினார்கள். நுட்பம் தெரிந்தவனுக்கு எடை ஒரு பொருட்டே அல்ல என்பது ஜப்பானியர்களின் நம்பிக்கை. முதலிடமும் இரண்டாமிடமும் ஜப்பானியர்களுக்கே கிடைத்தன. 1958ஆம் ஆண்டு இரண்டாவது போட்டியும் தோக்கியோவில்தான் நடந்தது. அதிலும் ஜப்பானியரே வென்றார்.

கலையும் அவர்களுடையது, களமும் அவர்களுடையது, வெற்றியும் அவர்களுடையது. இப்படியே போயிருந்தால் உலகத்தார் எத்தனை நாள் அந்தப் போட்டிக்குப் போயிருப்பார்கள்?

1961ஆம் ஆண்டு உலகப் போட்டி முதல் முறையாக ஜப்பானை விட்டு வெளியே, பாரிஸ் நகரில் நடந்தது. ஹாலந்து நாட்டைச் சேர்ந்த ஆன்டன் கேசிங்க் என்ற ஆறரை அடி உயர வீரர் ஜப்பானியர் மூவரை வரிசையாக வீழ்த்தி உலகச் சாம்பியனானார். "அது அயல்நாட்டுத் திடல், எங்கள் மண்ணில் வந்து வென்று காட்டட்டும்" என்று சொல்லிக்கொள்ள ஜப்பானிய ரசிகர்களுக்கு அப்போது இடமிருந்தது.

அதற்கும் நாள் வந்தது. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஜப்பானியர்கள் அதற்கென்றே புடோக்கான் என்ற பெரிய மண்டபத்தைக் கட்டினார்கள். இம்முறை எடைப் பிரிவுகள் வந்துவிட்டன: 68 கிலோ வரை, 80 கிலோ வரை, அதற்கு மேல் என்று மூன்று, எந்த எடைக்காரரும் சேரக்கூடிய பொதுப் பிரிவு ஒன்று. முதல் மூன்றிலும் ஜப்பானியர்கள் தங்கம் வென்றார்கள். நான்காவதைத்தான் அந்த நாடே எதிர்பார்த்துக் காத்திருந்தது.

அக்டோபர் 23ஆம் தேதி இறுதிப் போட்டியில் ஜப்பானின் அக்கியோ கமினாகாவும் கேசிங்கும் மோதினார்கள். ஒன்பது நிமிடங்கள் கடந்த நிலையில் கேசிங்க் அவரைப் பாயில் சாய்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். கமினாகாவால் எழ முடியவில்லை. மண்டபம் அடங்கிப்போனது, பலர் கண் கலங்கினார்கள். ஹாலந்து ரசிகர்கள் மகிழ்ச்சி தாங்காமல் பாயை நோக்கி ஓடினார்கள். கேசிங்க் கையை உயர்த்தி அவர்களை அங்கேயே நிறுத்திவிட்டார். தோற்றவருக்கு உரிய வணக்கம் முடியும் முன் அந்தப் பாயில் கூத்தாட்டம் கூடாது என்பது அந்தக் கையின் பொருள். ஜப்பானியர்கள் அதை என்றும் மறக்கவில்லை.

இங்கே வீட்டுக்காரரையும் நாம் பாராட்ட வேண்டும். மண்டபம் கட்டியவர்கள் அவர்கள். பாய் விரித்தவர்கள் அவர்கள். அந்தப் பாயிலேயே தங்கள் வீரர் தோற்றபோது, அந்தத் தோல்வியைத் தோல்வி என்றே ஒப்புக்கொண்டார்கள். ஜப்பானியர்கள் சொந்த மண்ணில் தோற்ற அந்த நாளில்தான் ஜூடோ உலகத்தின் விளையாட்டு ஆனது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிலிருந்து அது தவறாமல் இடம்பெற்று வருகிறது.

பின்னர் கேசிங்க் இன்னொரு யோசனையும் சொன்னார். இருவரும் வெள்ளை உடை அணிந்தால் நடுவருக்கும் பார்ப்பவருக்கும் குழப்பம். ஆகவே ஒருவர் நீலம் அணியட்டும் என்றார். வெள்ளை தூய்மையின் அடையாளம் என்று ஜப்பானியர்கள் எதிர்த்தார்கள். ஆயினும் 1997ஆம் ஆண்டு சம்மேளனம் நீல உடையை ஏற்றுக்கொண்டது. பிறந்த வீட்டின் வழக்கத்தை விட, தீர்ப்பு தெளிவாக இருப்பது முக்கியம் என்று முடிவாயிற்று.

சரி, களத்துக்குள் நியாயம் வந்துவிட்டது. களத்தின் வாசலில் நியாயம் இருந்ததா?

1977ஆம் ஆண்டு உலகப் போட்டி ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் நடக்க இருந்தது. தைவான் சம்மேளனத்தின் உறுப்பு நாடு. ஆனால் அதன் வீரர்களை உள்ளே விட ஸ்பெயின் அரசாங்கம் மறுத்தது. ஒரு குழுவை விட்டுவிட்டு மற்றவர்களை வைத்துப் போட்டியை நடத்தியிருக்கலாம். சம்மேளனம் அப்படிச் செய்யவில்லை. போட்டியையே ரத்து செய்தது. பல நாட்டு வீரர்களின் இரண்டாண்டு உழைப்பு வீணாயிற்று. அடுத்த உலகப் போட்டி 1979ஆம் ஆண்டு பாரிஸில்தான் நடந்தது. உறுப்பு நாடு எதுவானாலும் அதன் வீரருக்கு வாசல் திறக்க வேண்டும். திறக்க இயலாதவர் போட்டியை ஏற்கக் கூடாது என்ற பாடம் இவ்வளவு விலை கொடுத்துக் கற்றது.

வாசலில் நின்ற இன்னொரு கூட்டம் பெண்கள். 1959ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு போட்டியில் ரஸ்டி கனோகோகி என்ற பெண், தலைமுடியைக் குறைத்து, ஆண்போல் உடுத்திக் களம் இறங்கினார். தம் எதிரியை வென்றார். அவருடைய குழுவும் வென்றது. பிறகு, "நீ பெண்ணா?" என்று கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார். கொடுத்த பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அவர் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. இருபத்தோராண்டு கழித்து, 1980ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அதே நியூயார்க்கில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை நடத்திக் காட்டினார். பணம் போதாதபோது தம் வீட்டையே அடமானம் வைத்தார். இருபத்தேழு நாட்டுப் பெண்கள் வந்தார்கள். 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ பதக்கத்துக்குரிய விளையாட்டாயிற்று. பிடுங்கப்பட்ட அந்தப் பதக்கம் அவருக்கு 2009ஆம் ஆண்டு திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு அவர் மறைந்தார். பெண் பிள்ளை சிலம்பம் கற்க ஆசைப்பட்டால் "உனக்கு எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் இந்த அம்மையாரை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

உள்ளே வந்த விருந்தாளியின் மரியாதைக்கும் விதி உண்டு. 2017ஆம் ஆண்டு அபுதாபியில் நடந்த ஜூடோ போட்டியில், இஸ்ரேல் வீரர்கள் தங்கள் கொடியோடு போட்டியிட அனுமதிக்கப்படவில்லை. அந்நாட்டு வீரர் ஒருவர் தங்கம் வென்றபோது ஒலித்தது சம்மேளனத்தின் பாட்டு. அவர் மேடையில் நின்று தம் நாட்டுப் பாட்டைத் தமக்குள்ளேயே பாடிக்கொண்டார். மறு ஆண்டு ஜூலை மாதம், எல்லா நாட்டவரையும் சமமாக நடத்துவோம் என்று உறுதி தராத அபுதாபி, துனிஸ் ஆகிய இரு இடங்களின் போட்டிகளையும் சம்மேளனம் நிறுத்திவைத்தது. அபுதாபி உறுதி தந்தது. 2018 அக்டோபரில் அங்கே அந்தக் கொடியும் ஏறியது, பாட்டும் ஒலித்தது. நாடுகளுக்குள் வழக்கு ஆயிரம் இருக்கலாம். அதைப் பேச வேறு மன்றங்கள் உண்டு. மேடையில் நிற்கும் பிள்ளை பெற்ற வெற்றி அவனுடையது.

மனம் வைத்து வரவேற்றவர்களும் கவனக் குறைவால் தவறுவது உண்டு. 2017ஆம் ஆண்டு கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் கையேட்டில் இந்தோனேசியாவின் கொடி தலைகீழாக அச்சாகிவிட்டது. மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் இருக்க வேண்டியது மாறிப்போனது. இந்தோனேசிய மக்கள் மனம் புண்பட்டார்கள். மலேசியா மன்னிப்புக் கேட்டது. கொடியையும் நாட்டுப் பாட்டையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்ப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறது அல்லவா?

இனி, இன்றைய ஜூடோ போட்டியின் ஏற்பாடுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். போட்டிக் களம் பக்கத்துக்கு 8 முதல் 10 மீட்டர் வரை உள்ள சதுரம். அதைச் சுற்றிலும் விழுபவருக்கு அடிபடாதபடி பாதுகாப்புப் பாய். யார் யாரோடு மோதுவது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்கிறது. சட்டையின் கை நீளத்தையும் அளந்து பார்க்கிறார்கள். கை குட்டையாக, இறுக்கமாக இருந்தால் எதிராளிக்குப் பிடி கிடைக்காது.

எடை பார்ப்பது போட்டிக்கு முதல் நாள். மறுநாள் காலையில் சிலரைக் குலுக்கிப் பொறுக்கி மீண்டும் நிறுக்கிறார்கள். அப்போது 100க்கு 5க்கு மேல் எடை ஏறியிருக்கக் கூடாது. 73 கிலோ பிரிவில் உள்ளவர் 76 கிலோ 650 கிராமைத் தாண்டினால் அவருக்கு அன்று போட்டி இல்லை. பட்டினி கிடந்து எடையைக் குறைத்துவிட்டு, ஓர் இரவில் உடம்பை ஏற்றிக்கொள்ளும் ஆபத்தான தந்திரத்துக்கு இது தடை. வெட்டிய பாலைச் சுமந்து சென்று தராசின் முன் நின்ற நம் பெற்றோருக்குத் தராசின் மதிப்பைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முள் ஒருவருக்கு ஒரு விதமாகவும் இன்னொருவருக்கு வேறு விதமாகவும் ஆடினால் உழைப்புக்குப் பொருளே இல்லை.

நேயர்களே, இந்த விதிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அவை சொல்வது இதுதான்: எல்லாரையும் உள்ளே விடு, எல்லாரையும் ஒரே தராசில் நிறு, வென்றவன் யாரானாலும் அவன் கொடியை ஏற்று. போட்டியை ஏற்று நடத்துபவனுக்குப் பெருமை, தன் வீட்டிலேயே தான் தோற்கக்கூடும் என்று தெரிந்தும் விருந்தாளியை அழைப்பதில் இருக்கிறது.

இதற்குப் பெரிய மண்டபமோ பெரும் பணமோ தேவையில்லை. அடுத்த முறை நம் ஊரில் பிள்ளைகளுக்குச் சிலம்பப் போட்டியோ கராத்தே போட்டியோ நடத்தும்போது சிலவற்றைச் செய்து பார்ப்போம். விதிகளை முன்கூட்டியே தாளில் எழுதி ஒட்டுவோம். வயதையும் எடையையும் எல்லார் முன்னிலையிலும் பார்ப்போம். நம் பிள்ளை மோதும் ஆட்டத்துக்கு வெளியூர் நடுவரை அழைப்போம். முதலுதவிப் பெட்டியை அருகில் வைப்போம். தோற்றுப்போன நம் பிள்ளையும், வென்ற வெளியூர்ப் பிள்ளையும் ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அந்தப் பிள்ளைகள் லாரி ஏறும்போது, "அடுத்த வருடமும் இங்கே வருவோம்" என்று சொன்னால், நாம் போட்டியை நன்றாக நடத்தினோம் என்று பொருள்.