களைப்பு யார் குற்றம்? - தொழிற்சோர்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உழைத்துக் களைத்தவர் ஓரிரவு உறங்கி எழுந்தாற் களைப்பு நீங்கிவிடும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், உறங்கி எழுந்த பின்னரும் நீங்காத களைப்பொன்று உண்டு. விரும்பிச் செய்த தொழிலே வெறுப்பைத் தருவதும், தம்மை நாடி வருவோர் மீது எரிச்சல் உண்டாவதும், செய்தவை யாவும் பயனற்றவை என்ற எண்ணம் மேலிடுவதும் அதன் இயல்புகளாகும். ஆங்கிலத்தில் 'பேர்ண் அவுட்' என வழங்கும் இந்நிலையைத் தொழிற்சோர்வு என ஈண்டு குறிப்பிடுவோம். இது நமது காலத்துக்கே உரிய நோயெனப் பலர் கருதுகின்றனர். அக்கருத்து முற்றிலும் பொருந்துவதன்று. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் மருத்துவரும் உளவியலாளரும் இக்களைப்புக்கு வெவ்வேறு பெயரிட்டு, வெவ்வேறு மருந்துங் கூறியுள்ளனர். அம்மருந்துகளை நோக்கின், அவர்கள் பழியை உழைப்பவர் மீது சுமத்தினரா, உழைப்பு ஒழுங்குசெய்யப்பட்ட முறைமீது சுமத்தினரா என்பது புலனாகும்.

1869ஆம் ஆண்டில் நியூயோர்க் மருத்துவரான ஜோர்ஜ் பியேட் என்பார் 'நியூரஸ்தீனியா' என்னும் நரம்புத் தளர்ச்சி பற்றி எழுதினார். நீராவி இயந்திரம், தந்தி, பத்திரிகை ஆகியன வாழ்க்கையின் வேகத்தைக் கூட்டி மனிதனின் நரம்புச் சக்தியை வற்றச் செய்கின்றன என்பது அவரது வாதம். ஒரே மின்சுற்றில் மேன்மேலும் விளக்குகளைப் பொருத்தினால் எல்லா விளக்கும் மங்குவதை அவர் உவமையாகக் காட்டினார். உவமை நன்று. எனினும், இந்நோய் மூளையால் உழைக்கும் மேல்வகுப்பாருக்கே சிறப்பாக உரியதென அவர் கொண்டமை கவனிக்கத்தக்கது. ஆலைத் தொழிலாளியின் களைப்பு அவரது நூலிற் பெரிதும் இடம்பெறவில்லை. பிலடெல்பியா மருத்துவரான வெயர் மிச்செல் இதற்கு விதித்த ஓய்வுச் சிகிச்சை, நோயாளியை வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடத்தித் தனிமைப்படுத்துவதாகும். 1887இல் இச்சிகிச்சைக்கு உட்பட்ட சார்லொட் பேர்க்கின்ஸ் கில்மன் என்னும் எழுத்தாளர், எழுதுவதையே கைவிடும்படி பணிக்கப்பட்டார். அதனால் தமது நிலை மேலும் மோசமடைந்தது எனப் பின்னர் அவரே கூறினார். 1892இல் வெளிவந்த அவரது 'மஞ்சட் சுவர்த்தாள்' என்ற சிறுகதை இவ்வனுபவத்திற் பிறந்ததே.

களைப்பை அளந்து காண முற்பட்டவர் இத்தாலியரான அஞ்செலோ மொசோ. விரலாற் பாரமொன்றைத் திரும்பத் திரும்ப இழுக்கச் செய்து, தசையின் வலு குன்றுவதைக் கோடாக வரையும் கருவியை அவர் அமைத்தார். 1891இல் வெளிவந்த அவரது நூலிலுள்ள செய்தியொன்று பல்கலைக்கழகத்தாருக்குச் சுவையளிக்கும். மாணவருக்கு வாய்மொழிப் பரீட்சை நடத்தி முடித்த மகியோரா என்ற தமது சகாவின் விரலை மொசோ சோதித்தபோது, அதன் வலு பெரிதும் குன்றியிருந்தது. பரீட்சை மாணவரை மட்டுமே வருத்துகின்றது என்ற நமது எண்ணத்தை இதனைப் படித்தபின் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. களைத்த தசையை மேலும் வருத்தினால், அது மீள்வதற்கு வேண்டிய நேரம் உழைத்த அளவுக்கு மிஞ்சிப் பெருகும் என்பதே அவரது முக்கிய முடிபாகும்.

இம்முடிபு தொழிற்சாலையில் உறுதிப்பட்டது முதலாம் உலகப் போரின்போதேயாம். எறிகணைப் பற்றாக்குறையால் வருந்திய பிரித்தானியாவில், போர்த்தளபாடத் தொழிலாளர் ஞாயிறும் ஓய்வின்றி உழைத்தனர். வாரத்துக்கு 70 மணிக்கு மேல் உழைத்தோரும் பலர். 1915இல் சேர் ஜோர்ஜ் நியூமன் தலைமையில் அவர்களது உடல்நலத்தை ஆராயக் குழுவொன்று நியமிக்கப்பட்டது. ஏழு நாள் உழைப்பு ஆறு நாட் பயனையே தருகின்றது எனக் கூறி, ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்தும்படி அக்குழு வற்புறுத்தியது. குழுவுக்காக ஆய்வு நடத்திய வேர்ணன் என்னும் உடற்றொழிலியலாளர், எறிகணை உறுப்புகளைக் கடையும் பெண்களை அவதானித்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 66 மணியாக இருந்த அவர்களது வேலைநேரம் படிப்படியாக 45 மணியளவுக்குக் குறைக்கப்பட்டபோது, மொத்த உற்பத்தி குறையவில்லை, சற்றுக் கூடியது. அவர் கண்ட இன்னோர் உண்மை நமது பொருளுக்கு மிக நெருங்கியது. நேரம் குறைக்கப்பட்டவுடன் உற்பத்தி உயரவில்லை. அதற்குப் பல வாரங்கள் சென்றன. நெடுங்காலம் சேர்ந்த களைப்பு ஒருநாள் விடுமுறையால் தீராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை. ஆயினும், அப்பெண்களின் களைப்பு எறிகணைகளின் தொகை கொண்டே அளக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. உற்பத்தி குறையாதிருந்தால் அவர்களுக்கு ஞாயிறு கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

தொழிற்சோர்வு இன்றைய பெயரைப் பெற்றது 1974இல். நாஜிகளின் யேர்மனியிலிருந்து இளமையில் தப்பி வந்த ஹேர்பேட் பிரொய்டன்பேகர் என்னும் உளவியலாளர், பகலில் தமது தொழிலை முடித்து, இரவில் நியூயோர்க்கில் இலவச மருத்துவ நிலையமொன்றிற் போதைப்பொருளுக்கு அடிமையானோருக்குப் பணிபுரிந்தார். குடும்பத்தோடு விடுமுறைக்குப் புறப்படவிருந்த நாளிற் படுக்கையைவிட்டு எழ அவரால் முடியவில்லை. ஒலிப்பதிவுக் கருவியிற் பேசி, அதனைத் தாமே கேட்டுத் தமது நிலையை அவர் ஆராய்ந்தார் என்பர். அவ்வாண்டிற் பிரசுரித்த கட்டுரையில் நீங்காத தடிமன், தலைவலி, உறக்கமின்மை, சடுதியான கோபம், எதிலும் நம்பிக்கையின்மை, நீண்டநேரம் உழைத்தும் குறைவாகவே செய்து முடித்தல் ஆகியவற்றை அறிகுறிகளாக வகுத்தார். சோம்பர் அன்றி, அர்ப்பணிப்போடு உழைப்போரே முதலில் வீழ்கின்றனர் என்பதை அவர் வற்புறுத்தினார். வேலைநேரத்தை வரையறுத்தல், ஒரே பணியை ஒருவரே தொடராது மாற்றிக் கொடுத்தல், சோர்ந்தவரைச் சிலகாலம் விடுவித்தல், சகாக்களின் துணை என அவர் கூறிய பரிகாரங்களுட் பெரும்பாலானவை நிலையம் செய்ய வேண்டியவையே.

கலிபோர்னியாவின் பேர்க்லியில் இதனை ஆராய்ந்த கிறிஸ்ரினா மஸ்லக், சூசன் ஜக்சனுடன் இணைந்து 1981இல் அளவுகோலொன்றை வெளியிட்டார். உணர்ச்சி வறட்சி, பிறரை மனிதராக மதியாமை, தன் சாதனையிற் குறைகாணல் என்பன அதன் மூன்று கூறுகள். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதனை நோயாகக் கொள்ளாது, முறையாகக் கையாளப்படாத தொழில் நெருக்கடியின் விளைவான தொழில்சார் தோற்றப்பாடாகவே வகைப்படுத்தியது. அங்ஙனமிருக்க, சோர்ந்தவருக்கு இன்றும் மூச்சுப்பயிற்சியே போதிக்கப்படுகின்றது. மிச்செலின் படுக்கைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

யப்பானில் இச்சோர்வின் எல்லை 'கரோஷி', அதாவது மிகையுழைப்பால் நேரும் மரணம், எனப்பட்டது. அப்பெயரில் மருத்துவர் மூவர் எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. இத்தகைய மரணத்துக்கு இழப்பீடு வழங்குவதற்கான 2001ஆம் ஆண்டு அளவீடு, இறப்புக்கு முந்திய மாதத்தில் ஏறத்தாழ 100 மணி மேலதிக வேலை செய்திருந்தால் அதனை வலுவான காரணமாகக் கொள்கின்றது. 2018இல் நிறைவேறிய தொழிற்சட்டச் சீர்திருத்தம் மேலதிக வேலைக்கு முதன்முறையாகத் தண்டனையுடன் கூடிய வரம்பை விதித்தது. சாதாரண வரம்பு மாதத்துக்கு 45 மணி. வேலை மிகுந்த மாதங்களில் 100 மணிக்குச் சற்றுக் குறைவாக. இவ்விரு எண்களும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதை, உறவினரை இழந்த குடும்பத்தினர் அச்சட்டம் விவாதிக்கப்பட்டபோதே எடுத்துக்காட்டி எதிர்த்தனர்.